வாழ்வில் பொருள் (உளவியல்)

வாழ்வில் பொருள் என்பது, ஒருவர் தம் வாழ்க்கை புரிந்துகொள்ளத்தக்கது, நோக்கம் உடையது, வாழத் தகுந்தது என்று உணர்வதைக் குறிக்கும் உளவியல் கருத்துரு ஆகும். இவ்வுணர்வு எவ்வாறு தோன்றுகிறது, எப்போது குறைகிறது, உடல்நலத்தோடும் மனநலத்தோடும் எவ்வாறு தொடர்புடையது என்பன இத்துறையின் முதன்மையான கேள்விகள். நெடுங்காலம் சமயமும் மெய்யியலும் மட்டுமே பேசிவந்த இப்பொருள், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உளவியல் ஆய்வுக்குள் வந்தது. ஆஸ்திரியாவின் வியன்னா நகரைச் சேர்ந்த மனநல மருத்துவர் விக்டர் ஃபிராங்கல் (1905–1997) இதன் முன்னோடியாகக் கருதப்படுகிறார்.

சொல் விளக்கம்

தமிழில் இரு வேற்றுமை உருபுகளைக் கொண்டு இத்துறையின் எல்லையை எளிதாக விளக்கலாம். 'வாழ்வின் பொருள் என்ன?' என்பது மெய்யியல் கேள்வி. உலகமும் உயிர்களும் ஏன் இருக்கின்றன என்று அது வினவுகிறது. 'என் வாழ்வில் பொருள் இருக்கிறதா?' என்பது உளவியல் கேள்வி. குறிப்பிட்ட ஒரு மனிதரின் அனுபவத்தைப் பற்றியது அது. முதல் கேள்விக்கு விடை கூற உளவியல் முற்படுவதில்லை. இரண்டாவது கேள்விக்கு மக்கள் என்ன விடை தருகிறார்கள், அவ்விடை அவர்களின் வாழ்க்கையை எப்படிப் பாதிக்கிறது என்பதையே ஆராய்கிறது.

'பொருள்' என்ற சொல் தமிழில் செல்வத்தையும் குறிக்கும், அர்த்தத்தையும் குறிக்கும். இக்கட்டுரையில் அது இரண்டாவது கருத்திலேயே ஆளப்படுகிறது.

விக்டர் ஃபிராங்கல்

இளமையும் மாணவர் ஆலோசனையும்

ஃபிராங்கல் வியன்னாவில் ஒரு யூதக் குடும்பத்தில் 1905 மார்ச் 26 அன்று பிறந்தார். பள்ளியில் படித்தபோது அறிவியல் ஆசிரியர் ஒருவர், உயிர் என்பது இறுதியில் ஒருவகை எரிதல் நிகழ்வே தவிர வேறில்லை என்று பாடம் நடத்தினாராம். அப்படியானால் வாழ்க்கைக்கு என்ன பொருள் என்று மாணவர் ஃபிராங்கல் எழுந்து கேட்டதாக அவரே பின்னாளில் கூறியுள்ளார்.

மருத்துவம் பயின்ற காலத்தில், 1928ஆம் ஆண்டையொட்டி, வியன்னாவில் இளைஞர்களுக்கான இலவச ஆலோசனை நிலையங்களை அவர் அமைத்தார். உளவியலாளர் சார்லட் பூலர் போன்றோர் இதற்குத் துணை நின்றனர். பள்ளிகளில் மதிப்பெண் அறிக்கை வழங்கப்படும் நாட்களில் மாணவர் தற்கொலைகள் மிகுவதைக் கண்ட ஃபிராங்கல், 1930இல் அந்நாட்களுக்கென்றே தனி ஆலோசனைத் திட்டம் ஒன்றை நடத்தினார். அதன்பின், பல ஆண்டுகளில் முதன்முறையாக வியன்னாவில் மாணவர் தற்கொலை ஏதும் நிகழவில்லை என்று அவர் வாழ்க்கைக் குறிப்பில் பதிவாகியுள்ளது. இது இன்றைய முறையில் ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்தப்பட்ட ஆய்வு அன்று. எனினும், தோல்வி அடைந்த மாணவருக்கு அறிவுரையைவிட, அவர் சொல்வதைக் கேட்க ஒருவர் தேவைப்படுகிறார் என்பதை உணர்ந்த தொடக்ககால முயற்சிகளுள் இது ஒன்றாகும்.

வதை முகாம்களில்

1938இல் ஆஸ்திரியாவை நாஜி ஜெர்மனி இணைத்துக்கொண்டது. அமெரிக்கா போரில் இறங்குவதற்குச் சற்று முன்பு ஃபிராங்கலுக்கு அந்நாட்டு விசா கிடைத்தது. வயது முதிர்ந்த பெற்றோரை விட்டுச் செல்ல மனமின்றி அதை அவர் பயன்படுத்தவில்லை. 1942 செப்டம்பரில் குடும்பத்தோடு தெரசியன்ஸ்டாட் முகாமுக்கு அனுப்பப்பட்டார். அங்கே தந்தை இறந்தார். 1944 அக்டோபரில் அவுஷ்விட்ஸுக்கும், அங்கிருந்து சில நாட்களில் டாகாவ் முகாமின் கிளை முகாம்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டார். 1945 ஏப்ரல் 27 அன்று அமெரிக்கப் படையினரால் விடுவிக்கப்பட்டார். தாய், மனைவி, சகோதரர் ஆகிய மூவரும் உயிரோடு திரும்பவில்லை என்பதை அதன் பின்னரே அறிந்தார்.

முகாம் அனுபவத்தை ஒரு மனநல மருத்துவரின் பார்வையில் விவரிக்கும் நூலை 9 நாட்களில் சொல்லச் சொல்ல எழுதுவித்தார். 1946இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்த இந்நூல், 1959இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டு உலகெங்கும் பரவியது.

லோகோதெரபி

ஃபிராங்கல் உருவாக்கிய சிகிச்சை முறை லோகோதெரபி எனப்படும். 'லோகோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை அவர் 'பொருள்' என்னும் கருத்தில் எடுத்துக்கொண்டார். பிராய்டின் உளப்பகுப்பாய்வு, ஆட்லரின் தனிமனித உளவியல் ஆகியவற்றை அடுத்து, இது வியன்னாவின் மூன்றாவது உளச்சிகிச்சைப் பள்ளி என அழைக்கப்படுகிறது. முகாமுக்குச் செல்லும் முன்பே இதன் அடிப்படைகளை அவர் வகுத்துவிட்டார் என்பது கவனிக்கத்தக்கது. முகாமில் பிறந்த கொள்கை என்று பலர் கருதுவது சரியன்று.

ஒருவர் மூன்று வழிகளில் வாழ்வில் பொருள் காணலாம் என்பது அவர் கொள்கை:

1. ஆக்கம் – ஒரு வேலையைச் செய்தல், ஒன்றைப் படைத்தல்.
2. அனுபவம் – இயற்கை, கலை, உண்மை ஆகியவற்றில் தோய்தல். இன்னொரு மனிதரிடம் அன்பு கொள்ளுதல்.
3. மனப்பாங்கு – மாற்றவே முடியாத துன்பத்தை எதிர்கொள்ளும் விதம்.

மூன்றாவது வழிக்கு அவர் தரும் எடுத்துக்காட்டு பலரால் அறியப்பட்டது. மனைவியை இழந்து இரண்டு ஆண்டுகளாகத் துயரத்தில் இருந்த முதிய மருத்துவர் ஒருவர் அவரிடம் வந்தார். நீங்கள் முதலில் இறந்திருந்தால் உங்கள் மனைவியின் நிலை என்ன ஆகியிருக்கும் என்று மட்டும் ஃபிராங்கல் கேட்டார். அவளால் தாங்கியிருக்க முடியாது என்றார் முதியவர். அந்தத் துன்பம் மனைவிக்கு நேராமல் தாம் சுமக்கிறோம் என்பதை உணர்ந்ததும், அவர் கை குலுக்கிவிட்டு அமைதியாகச் சென்றார். இழப்பு அப்படியேதான் இருந்தது. அதை அவர் பார்த்த இடம் மாறியது.

தவிர்க்கக்கூடிய துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு ஃபிராங்கல் கூறவில்லை. நோயை மருந்தால் தீர்க்க முடியுமானால் தீர்க்க வேண்டும். அநீதியை நீக்க முடியுமானால் நீக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில்தான் மூன்றாவது வழி பொருந்தும்.

பொருளின் மூன்று கூறுகள்

இன்றைய ஆய்வாளர்கள் 'பொருள்' என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனி உணர்வுகள் அடங்கியிருப்பதாகப் பிரித்துக் காட்டுகின்றனர். ஃபிராங்க் மார்ட்டேலா, மைக்கேல் ஸ்டீகர் ஆகியோர் 2016இல் வெளியிட்ட கட்டுரை இப்பகுப்பைத் தெளிவாக விளக்குகிறது.

இயைபு: வாழ்க்கையில் நடப்பவை ஒன்றோடொன்று பொருந்தி, புரியும்படி இருத்தல். இது அறிவு சார்ந்தது.

நோக்கம்: எதிர்காலத்தில் அடைய வேண்டியது ஒன்று இருந்து, அது இன்றைய செயலை வழிநடத்துதல். இது ஊக்கம் சார்ந்தது.

முக்கியத்துவம்: தம் வாழ்க்கைக்கு மதிப்பு உண்டு, தாம் இருப்பது யாருக்கேனும் வேண்டியிருக்கிறது என்னும் உணர்வு. இது மதிப்பீடு சார்ந்தது.

இம்மூன்றும் எப்போதும் சேர்ந்தே இருப்பதில்லை. பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவருக்குத் தம் கடந்த வாழ்க்கை தெளிவாகப் புரிந்திருக்கும். ஆனால் மறுநாள் காலையில் எழுந்து செய்ய வேண்டியது என்ன என்பது தெரியாமல் போகலாம். இவருக்கு இயைபு உண்டு, நோக்கம் குறைவு. நுழைவுத் தேர்வுக்காக இரவு பகலாகப் படிக்கும் மாணவருக்கு நோக்கம் உண்டு; மதிப்பெண் குறைந்தால் வீட்டில் தமக்கு மதிப்பில்லை என்று அவர் எண்ணுவாரானால், முக்கியத்துவ உணர்வு மெலிந்துவிடும். எந்தக் கூறு குறைந்துள்ளது என்று அறிந்தால்தான் உதவியும் பொருத்தமாக அமையும்.

இதற்கு முன்னரே, 1991இல் அமெரிக்க உளவியலாளர் ராய் பௌமைஸ்டர் நோக்கம், நெறி மதிப்பு, செயல்திறன், தன்மதிப்பு என்ற நான்கு தேவைகளாக இதைப் பிரித்திருந்தார்.

இஸ்ரேலில் பணியாற்றிய சமூகவியலாளர் ஆரன் ஆண்டனோவ்ஸ்கியின் பங்களிப்பும் குறிப்பிடத்தக்கது. மாதவிடாய் நிற்கும் வயதிலுள்ள பெண்களை ஆராய்ந்தபோது, வதை முகாம்களில் இருந்து பிழைத்த பெண்களில் 29 விழுக்காட்டினர் நல்ல மனநலத்தோடு இருப்பதை அவர் கண்டார். முகாமில் இல்லாதவர்களிடையே இது 51 விழுக்காடு. கொடுமை ஏற்படுத்திய பாதிப்பை இவ்வேறுபாடு காட்டியது. ஆனால் அவரை வியக்கவைத்தது அந்த 29 விழுக்காடுதான். மக்கள் ஏன் நோயுறுகிறார்கள் என்று கேட்பதை விடுத்து, இவ்வளவுக்குப் பிறகும் எப்படி நலமாக இருக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கினார். விளங்கிக்கொள்ளும் தன்மை, சமாளிக்கும் தன்மை, பொருளுடைமை ஆகிய மூன்றும் சேர்ந்த 'இயைபுணர்வு' என்னும் கருத்துரு இவ்வாறு பிறந்தது.

அளக்கும் முறைகள்

ஜேம்ஸ் க்ரம்பா, லியனார்ட் மஹோலிக் ஆகிய இருவரும் 1964இல் 'வாழ்க்கை நோக்கச் சோதனை'யை வெளியிட்டனர். இதில் 20 வினாக்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண் இடவேண்டும். சில வினாக்கள் மனச்சோர்வையும் மகிழ்ச்சியையுமே அளப்பதால், வேறு எதையோ அளந்துவிட்டுப் பொருள் என்று பெயரிடுகிறார்கள் என்னும் குறை இதன்மேல் கூறப்பட்டது.

இக்குறையை நீக்கும் நோக்கில் மைக்கேல் ஸ்டீகரும் அவருடைய குழுவினரும் 2006இல் 10 வினாக்கள் கொண்ட வினாநிரலை உருவாக்கினர். இதில் 5 வினாக்கள் பொருள் 'இருத்தலை'யும், 5 வினாக்கள் பொருளைத் 'தேடுதலை'யும் தனித்தனியே அளக்கின்றன. ஒருவருக்கு ஏற்கெனவே பொருள் இருக்கலாம். அவர் மேலும் தேடலாம். இன்னொருவருக்கு இல்லாமலும் இருக்கலாம். அவர் தேடாமலும் இருக்கலாம். இப்பிரிப்பே இவ்வினாநிரலின் சிறப்பு.

இவ்வினாநிரல்களில் வரும் மதிப்பெண், தேர்வு மதிப்பெண் போன்றது அன்று. வெற்றி தோல்வி என்ற எல்லைக்கோடு இவற்றில் இல்லை. ஒரு நாளின் மனநிலைகூட விடைகளை மாற்றக்கூடும். ஆகவே, இணையத்தில் கிடைக்கும் இத்தகைய சோதனை ஒன்றில் குறைந்த எண் வந்தது என்பதற்காக எவரும் தம் வாழ்க்கையைப் பற்றி முடிவு கட்டக்கூடாது.

ஆய்வு முடிவுகள்

மகிழ்ச்சியும் பொருளும்

பௌமைஸ்டர் குழுவினர் 2013இல் ஏறத்தாழ 400 பேரிடம் நடத்திய ஆய்வு, மகிழ்ச்சியும் பொருளும் பெரும்பாலும் இணைந்தே வருவதைக் காட்டியது. ஆனால் சில இடங்களில் இரண்டும் பிரிகின்றன. நிகழ்காலத்தில் தேவைகள் நிறைவேறுவது மகிழ்ச்சியோடு தொடர்புடையது. கடந்த காலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றையும் இணைத்து எண்ணுவது பொருளோடு தொடர்புடையது. பிறரிடமிருந்து பெறுவது மகிழ்ச்சியோடும், பிறருக்குக் கொடுப்பது பொருளோடும் மிகுதியாகத் தொடர்பு கொண்டிருந்தன. பொருளுள்ள வாழ்க்கை என்று கூறியவர்களிடம் கவலையும் மனஅழுத்தமும் கூடுதலாகவே காணப்பட்டன. நோயுற்ற தாயைக் கவனித்துக்கொள்ளும் மகளின் நாள் மகிழ்ச்சியானதாக இல்லாமல் இருக்கலாம். பொருளற்றது என்று அவர் சொல்லமாட்டார்.

அன்றாட ஒழுங்கு

வாழ்வில் பொருள் பெரிய சாதனைகளில்தான் உண்டு என்ற எண்ணம் பரவலாக உள்ளது. லாரா கிங், சமந்தா ஹைன்ட்செல்மன் ஆகியோரின் ஆய்வுகள் இதற்கு மாறான படத்தைத் தருகின்றன. ஓர் ஆய்வில் மரங்களின் ஒளிப்படங்களை ஒரு குழுவினருக்குப் பருவகால வரிசையிலும், மற்றொரு குழுவினருக்கு வரிசையின்றியும் காட்டினர். ஒழுங்கான வரிசையைக் கண்டவர்கள் பின்னர் தம் வாழ்வில் பொருள் சற்றுக் கூடுதலாக இருப்பதாகக் கூறினர். அன்றாட வழக்கங்களை ஒழுங்காகக் கடைப்பிடிப்பதும் பொருளுணர்வோடு தொடர்புடையது என்று 2019இல் இவர்கள் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. காலையில் வாசல் தெளிப்பதும், குறித்த நேரத்தில் நடைப்பயிற்சிக்குச் செல்வதும் மனத்துக்கு ஓர் ஒழுங்கைத் தருகின்றன என இதை விளங்கிக்கொள்ளலாம்.

உடல்நலம்

அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள ரஷ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் பட்ரிசியா பாயில் குழுவினர் முதியோரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 2009இல் வெளியான ஆய்வில் 1,238 பேர் இடம்பெற்றனர். வாழ்க்கை நோக்கம் மிகுந்தவர்கள் ஆய்வுக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. 900க்கும் மேற்பட்டோர் இடம்பெற்ற 2010ஆம் ஆண்டு ஆய்வில், நோக்கம் மிகுந்தவர்கள் அல்சைமர் நோய்க்கு ஆளாகாமல் இருக்கும் வாய்ப்பு, நோக்கம் குறைந்தவர்களைவிட ஏறத்தாழ 2.4 மடங்கு எனக் கண்டறியப்பட்டது.

ஜப்பானின் ஓசாகி பகுதியில் 40 முதல் 79 வயது வரையுள்ள 43,391 பேரை 7 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. 'இகிகாய்' இல்லை என்று கூறியவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. இதய, இரத்தக்குழாய் நோய்களால் ஏற்பட்ட இறப்பில் இவ்வேறுபாடு தெரிந்தது; புற்றுநோய் இறப்பில் தெரியவில்லை.

இம்முடிவுகளைப் படிப்போர் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு நிகழ்வுகள் சேர்ந்து காணப்படுவதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. நோய் வெளியே தெரிவதற்கு முன்பே ஒருவரின் ஊக்கத்தை அது குறைத்திருக்கலாம். நோக்கம் உடையவர்கள் நடைப்பயிற்சி, மருத்துவப் பரிசோதனை போன்றவற்றில் அக்கறை காட்டுவதும் காரணமாக இருக்கலாம். ஆய்வாளர்கள் இத்தகைய காரணிகளைக் கணக்கில் எடுத்துக்கொள்ள முயல்கின்றனர். முழுவதும் நீக்கிவிட முடிவதில்லை.

பண்பாட்டு வேறுபாடுகள்

ஜப்பானிய மொழியில் 'இகிகாய்' என்பது வாழ்வதற்குரிய மதிப்பு, வாழத் தூண்டும் காரணம் என்ற பொருள்படும். இதைப் பற்றி மனநல மருத்துவர் மியேகோ காமியா எழுதிய நூல் 1966இல் வெளிவந்தது. நாகாஷிமா தீவிலுள்ள தொழுநோய் இல்லத்தில் அவர் பணியாற்றினார். நோயின் தன்மை ஏறக்குறைய ஒன்றாக இருந்தும், சிலர் வெறுமையில் மூழ்குவதையும் சிலர் மனநிறைவோடு வாழ்வதையும் அங்கே கண்டார். அவ்வேறுபாடே அவரை இந்நூலை எழுதத் தூண்டியது.

பொருளைத் தேடுதல் எல்லா நாட்டிலும் ஒரே விதமாகக் காணப்படவில்லை. ஸ்டீகர் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஒப்பீட்டின்படி, அமெரிக்காவில் தேடுவோரிடம் பொருளுணர்வு குறைவாக இருந்தது. ஜப்பானில் தேடுவோரிடம் அது கூடுதலாக இருந்தது. ஓரிடத்தில் தேடல் குறைபாட்டின் அறிகுறி. மற்றோரிடத்தில் அது வளர்ச்சியின் பகுதி.

132 நாடுகளின் தரவுகளைக் கொண்டு ஷிகேஹிரோ ஓய்ஷி, எட் டீனர் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வு மேலும் வியப்பளிப்பது. வாழ்க்கைத் திருப்தி செல்வ நாடுகளில் மிகுதியாக இருந்தது. வாழ்வில் பொருள் உண்டு என்று கூறியோர் ஏழை நாடுகளில் மிகுதியாக இருந்தனர். சமய ஈடுபாடு இதற்கு முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினர். வறுமை நல்லது என்று இதற்குக் கருத்துக் கொள்ளக்கூடாது. பொருளாதார வளர்ச்சி மட்டுமே இத்தேவையை நிறைவு செய்துவிடாது என்பதையே இது காட்டுகிறது.

மருத்துவத்தில் பயன்பாடு

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் வில்லியம் பிரைட்பார்ட், ஃபிராங்கலின் கருத்துகளை அடிப்படையாகக் கொண்டு முற்றிய புற்றுநோயாளிகளுக்கான உளச்சிகிச்சையை உருவாக்கினார். குழுவாக நடத்தும்போது இது 8 அமர்வுகள் கொண்டது. நோயாளிகள் தம் வாழ்க்கைக் கதையையும், பெற்றுக்கொண்ட மரபையும், விட்டுச்செல்ல விரும்புவதையும் பேசுகின்றனர். 253 நோயாளிகள் இடம்பெற்ற ஒப்பீட்டு ஆய்வு 2015இல் வெளிவந்தது. வழக்கமான ஆதரவுக் குழுவில் இருந்தவர்களைவிட இவர்களிடம் வாழ்க்கைத் தரம் கூடியும், நம்பிக்கையின்மையும் விரைவில் இறந்துவிட வேண்டும் என்ற விருப்பமும் குறைந்தும் காணப்பட்டன. இச்சிகிச்சை நோயைக் குணப்படுத்துவதாகக் கூறவில்லை. எஞ்சிய நாட்களை எப்படி வாழ்வது என்பதே அதன் அக்கறை.

விமர்சனங்கள்

வதை முகாமில் ஒருவர் பிழைப்பதை உறுதிப்படுத்தியது மனவலிமை அன்று, பெரும்பாலும் தற்செயலே. நோக்கம் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்று எளிமைப்படுத்தினால், இறந்தவர்களுக்கு மனவலிமை இல்லை என்றாகிவிடும். வரலாற்றாய்வாளர் திமோதி பைட்டல், இலக்கிய ஆய்வாளர் லாரன்ஸ் லாங்கர் போன்றோர் ஃபிராங்கலின் நூலை இக்கோணத்தில் விமர்சித்துள்ளனர். அவரும் தம் நூலில், பிழைத்தவர்களே சிறந்தவர்கள் என்று கூறவில்லை. நல்லவர்கள் பலர் திரும்பவில்லை என்றே வருந்தினார்.

அமெரிக்க உளவியலாளர் ரோலோ மே, நோயாளி தாமே கண்டறிய வேண்டிய பொருளைச் சிகிச்சையாளர் எடுத்துக் கொடுத்துவிடும் ஆபத்து லோகோதெரபியில் உள்ளது என்றார். இது மருத்துவர்களுக்கு மட்டுமின்றிப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பொருந்தும் எச்சரிக்கை. துக்க வீட்டில் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்வது ஆறுதலாக அமையாமல் புண்ணைக் கிளறலாம்.

பொருளுணர்வு எப்போதும் அறத்தோடு சேர்ந்திருக்கும் என்பதும் இல்லை. தமக்கு முக்கியத்துவம் வேண்டும் என்ற ஏக்கம், இளைஞர்களை வன்முறை இயக்கங்களுக்கும் இட்டுச்செல்லக்கூடும் என்று ஆரி க்ருக்லான்ஸ்கியின் ஆய்வுகள் கூறுகின்றன.

கல்வியில் இதன் இடம்

இத்துறையின் முடிவுகள் வகுப்பறைக்கும் பயன்படுவன. ஒரு பாடம் எதற்காகப் படிக்கப்படுகிறது என்று மாணவருக்குப் புரிந்தால் அது இயைபு. அதைக் கொண்டு செய்ய விரும்புவது ஒன்று இருந்தால் அது நோக்கம். மதிப்பெண் எதுவாயினும் தாம் வேண்டியவர் என்று அவர் உணர்ந்தால் அது முக்கியத்துவம். பள்ளிகள் முதலிரண்டில் காட்டும் அக்கறையை மூன்றாவதில் காட்டுவது குறைவு. தேர்வு முடிவு வெளியாகும் நாளில் ஒரு மாணவரைக் காப்பது பெரும்பாலும் இந்த மூன்றாவது கூறுதான்.

வாழ்க்கை பொருளற்றது என்ற எண்ணம் சிந்திக்கும் இளைஞர் பலருக்கும் வந்துபோவது. ஃபிராங்கல் அதை நோயாகக் கருதவில்லை. ஆனால் அவ்வெண்ணம் வாரக்கணக்கில் நீங்காமல், தூக்கமின்மை, பசியின்மை, இறந்துவிடலாம் என்ற நினைவு ஆகியவற்றோடு சேர்ந்து வருமானால், அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அந்நிலையில் தனியே விடை தேடிக்கொண்டிருக்காமல், நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்வதும் தாமதமின்றி மருத்துவரை நாடுவதும் வேண்டும். மனச்சோர்வுக்குச் சிகிச்சை உண்டு. நோய் தணிந்தபின், முன்பு வெறுமையாகத் தெரிந்த அதே வாழ்க்கை பலருக்கு வேறாகத் தெரிகிறது.